தாத்தாவும் டாங்கியும்

எனக்குப் பதினைந்து வயதானபோது என் விரல்களில் எப்போதும் பசை காய்ந்து ஒட்டியிருக்கும். அது 2008ஆம் ஆண்டு. நான் படிவம் மூன்றில் படித்துக்கொண்டிருந்தேன். கோலாலம்பூர், செந்தூலில் ஓர் அடுக்குமாடியின் நான்காம் மாடியில் எங்கள் வீடு. என் நண்பர்கள் பந்து விளையாடப் போகும் மாலை நேரங்களில் நான் வரவேற்பறைத் தரையில் பழைய நாளிதழை விரித்து, பிளாஸ்டிக் பாகங்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பேன். மாதிரி வண்டிகளைச் செய்வது எனது பொழுதுபோக்கு. முதலில் விமானங்கள், பிறகு கப்பல்கள், கடைசியில் டாங்கிகள்.

டாங்கி என்பது தடித்த இரும்புக் கவசமும் பீரங்கியும் கொண்ட போர் வண்டி. அதன் சக்கரங்களைச் சுற்றிச் சங்கிலிப் பட்டை ஓடும். அதனால் சேற்றையும் பள்ளத்தையும் அது எளிதில் கடந்துவிடும். கடைகளில் கிடைக்கும் மாதிரி டாங்கிகளில் பெரும்பாலானவை உண்மையான வண்டியைப் போல் 35இல் ஒரு பங்கு அளவுள்ளவை. ஏன் அந்த 35? இதற்குப் பின்னால் ஒரு வேடிக்கையான கதை உண்டு. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் டாமியா நிறுவனம், மோட்டாரில் ஓடும் ஜெர்மானிய டாங்கி மாதிரி ஒன்றைத் தயாரித்தது. உள்ளே இரண்டு மின்கலங்கள் அடங்க வேண்டும் என்பதற்காகவே அதன் அளவு முடிவு செய்யப்பட்டது. பின்னர் அளந்து பார்த்தபோது அது ஏறக்குறைய 35இல் ஒரு பங்காக இருந்தது. அடுத்தடுத்து வந்த டாங்கிகளையும் அதே அளவில் செய்தார்கள். மற்ற நிறுவனங்களும் அதைப் பின்பற்றின. ஆக, உலகம் முழுவதும் இன்று புழங்கும் அந்த அளவைத் தீர்மானித்தவை இரண்டு மின்கலங்கள்தாம்!

நான் செய்த டாங்கிகள் எல்லாம் அலமாரியில் அசையாமல் நின்றன. ஒன்றையாவது ஓட வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். தொலைக்கட்டுப்பாட்டில் ஓடும் பெரிய டாங்கிகள் கடையில் இருந்தன. அவற்றின் விலையை அம்மாவிடம் சொல்லவே எனக்குத் துணிவில்லை. எனவே, ஓடாத வண்டி ஒன்றை வாங்கி அதை ஓடும் வண்டியாக மாற்றுவது என்று முடிவெடுத்தேன். மூன்று மாதம் சேர்த்த பணத்தோடு கடைக்குப் போனேன். அங்கிருந்தவற்றுள் விலை குறைந்தது இரண்டாம் உலகப் போர்க்கால ஜப்பானிய டாங்கி ஒன்று; 'வகை 97 சி-ஹா' என்பது அதன் பெயர். உண்மையான வண்டியின் நீளம் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர். எடை ஏறத்தாழ 15 டன். என் மாதிரியின் நீளமோ 16 சென்டிமீட்டர் கூட இல்லை. விலை குறைவு என்பதைத் தவிர அதைத் தேர்ந்தெடுக்க எனக்கு வேறு காரணமே இல்லை.

அந்த வார இரவுச் சந்தையில், தொலைக்கட்டுப்பாட்டில் ஓடும் மலிவான விளையாட்டு டாங்கி ஒன்றை வாங்கினேன். அதன் இரு பக்கப் பட்டைகளையும் இரண்டு மோட்டார்கள் தனித்தனியே இயக்கின. இரண்டும் ஒன்றாகச் சுற்றினால் வண்டி நேராகப் போகும். இடப்பக்க மோட்டார் நின்று வலப்பக்க மோட்டார் மட்டும் சுற்றினால் வண்டி இடப்பக்கம் திரும்பும். எல்லா டாங்கிகளும் திரும்புவது இந்தக் கொள்கையில்தான். நான் அந்தப் பொம்மையைப் பிரித்து மோட்டார்களையும் மின்சுற்றுப் பலகையையும் வெளியே எடுத்தேன். அவற்றை என் டாங்கிக்குள் பொருத்துவதுதான் வேலை.

சொல்வதற்கு எளிது. அளவுகோலை வைத்துப் பார்த்தபோதுதான் சிக்கல் புரிந்தது. பட்டைகளுக்கு நடுவே இருக்கும் அடிப்பெட்டியின் அகலம் நான்கு சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகம். இரண்டு மோட்டார்களையும் குறுக்கே அடுத்தடுத்து வைக்க அங்கு இடமில்லை. பல நாள் யோசித்து, ஒன்றன் பின் ஒன்றாக வைத்தேன். பொம்மையில் மோட்டார்கள் பின்பக்கம் இருந்ததால் நானும் பின்பக்கமே வைத்தேன். மின்கலங்களை முன்னே தள்ளினேன். அலைவாங்கிக் கம்பியைப் பீரங்கிக் கூண்டுக்குள் சுருட்டி வைத்தேன்.

டாங்கி ஓடியது! ஓடியது என்பதைவிடப் பாய்ந்தது என்பதே சரி. திரும்பச் சொன்னால் மட்டும் பட்டை கழன்று விழுந்தது. ஆயினும் எனக்கு அன்று தலைகால் புரியவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா அதைப் பார்த்தார். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தாத்தா எதிரில் இதை ஓட்டாதே," என்று மட்டும் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார். சத்தம் தாத்தாவுக்குப் பிடிக்காது போலும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தாத்தா, அம்மாவின் அப்பா. எங்களோடுதான் இருந்தார். செந்தூல் இரயில்வே பட்டறையில் பொருத்துநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். மாலையில் சாய்வு நாற்காலியில் அமர்ந்து காப்பி குடித்துக்கொண்டே நாளிதழ் படிப்பார்.

ஒரு நாள் அந்தி வேளை. டாங்கியைத் தாத்தாவின் நாற்காலிக்கு எதிரே இருந்த அலமாரியின் அடியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தேன். விசையை அணைக்க மறந்துவிட்டேன். வெளியே நடைபாதையில் பக்கத்து வீட்டுச் சிறுவன் தன் பொம்மைக் காரை ஓட்டிக்கொண்டிருந்தான். அவனது பொம்மையும் என் பொம்மையும் ஒரே 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை. அவன் தன் கருவியை அழுத்த, அலமாரிக்கு அடியிலிருந்த என் டாங்கி கிரீச்சிட்டுக்கொண்டு தாத்தாவின் கால்களை நோக்கிப் பாய்ந்தது.

குவளை விழுந்து உடையும் ஓசை கேட்டு நான் ஓடி வந்தேன். தாத்தா எழுந்து நின்றிருந்தார். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. தரையில் கவிழ்ந்து கிடந்த டாங்கியின் சக்கரங்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன. அவர் என்னைத் திட்டவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். இருட்டிய பிறகும் திரும்பவில்லை.

அன்றிரவுதான் அம்மா எனக்கு எல்லாவற்றையும் சொன்னார்.

தாத்தா பிறந்தது பேராக் மாநிலத்தில், டுரோலாக்கிற்கு அருகில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். 1942ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள், விடிவதற்கு முன் இருட்டில், ஜப்பானிய டாங்கிகள் அந்த வட்டாரத்துப் பெருஞ்சாலை வழியே தெற்கு நோக்கி வந்தன. அவற்றை எதிர்த்து நின்ற இந்திய, பிரிட்டிஷ் படைகளிடம் ஒரு டாங்கிகூட இல்லை. அன்று காலையிலேயே டாங்கிகள் சிலிம் ஆற்றுப் பாலத்தை அடைந்துவிட்டன. நான்கு நாளில், ஜனவரி 11ஆம் நாள், கோலாலம்பூரும் வீழ்ந்தது. அப்போது தாத்தாவுக்கு வயது ஏழு.

"அடுத்த ஆண்டு தோட்டத்தில் ஆள் எடுத்தார்கள். மூன்று மாத வேலை என்று சொல்லி உன் கொள்ளுத் தாத்தாவைச் சயாமுக்குக் கொண்டு போனார்கள். இரயில் பாதை போடுகிற வேலை. அவர் திரும்பி வரவே இல்லை," என்றார் அம்மா.

சயாம் மரண இரயில் பாதையைப் பற்றி நான் வரலாற்றுப் பாடத்தில் படித்திருந்தேன். 415 கிலோமீட்டர் நீளம். 1943ஆம் ஆண்டு அக்டோபரில் முடிந்தது. பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் அங்கே மாண்டார்கள். தேர்வில் அதற்கு விடையும் எழுதியிருக்கிறேன். ஆனால், அந்தப் பல்லாயிரத்தில் ஒருவர் எங்கள் வீட்டுக்காரர் என்பது எனக்குத் தெரியாது.

நான் வாங்கிய 'வகை 97' டாங்கிதான் அன்று டுரோலாக் சாலையில் வந்தது. கடையில் விலைச்சீட்டைப் பார்த்த நான் வேறெதையும் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. டாங்கியை நாளிதழில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். பள்ளிக் கண்காட்சியில் வைக்க என் பெயரைக் கொடுத்திருந்தேன். ஆசிரியரிடம் அதை நீக்கச் சொல்லிவிடலாம் என்று எண்ணினேன்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலையில் எழுந்தபோது தாத்தா என் நாளிதழ்ப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு தரையில் அமர்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய பழைய கருவிப் பெட்டி. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, டாங்கியின் மேல்மூடியைக் கழற்றி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாத்தா, மன்னிச்சிடுங்க. எனக்குத் தெரியாது. அதைத் தூக்கிப் போட்டுடுறேன்," என்றேன்.

"எதுக்கு? காசு போட்டு வாங்கினதுதானே?" என்றார். சற்று நேரம் கழித்து, "பட்டறையில எத்தனையோ இயந்திரத்தைப் பிரிச்சுப் போட்டிருக்கேன், தம்பி. இதுக்குள்ள என்ன இருக்கும்னு மட்டும் எனக்குத் தெரியாமலே போச்சு. ஏழு வயசுல பார்த்தது இன்னும் கனவுல வரும். கனவுல அதுக்குச் சக்கரமே இருக்காது. தானா வரும்," என்றார்.

நான் பதில் பேசவில்லை. பெட்டியோடு வந்திருந்த செய்முறைத் தாளை எடுத்து அவர் முன்னே விரித்தேன். அவர் படங்களின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"பல் இருக்கிற சக்கரம் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"முன்னால, தாத்தா."

"அப்புறம் ஏன் பின்னால இருக்கிற சக்கரத்தைச் சுத்துற? அதுல பல்லே இல்லையே. பட்டை கழலாம என்ன செய்யும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்மையான சி-ஹாவில் இயந்திரம் பின்பக்கம் இருக்கும். அதன் விசை ஒரு நீண்ட தண்டின் வழியாக முன்பக்கம் வந்து, முன்னே உள்ள பற்சக்கரங்களைத்தான் சுழற்றும். நான் இரவுச் சந்தைப் பொம்மையைப் பார்த்துப் பின்பக்கம் பொருத்தியிருந்தேன். கையிலிருந்த வண்டியின் படத்தைப் பார்க்கவில்லை.

அன்று முதல் ஒவ்வொரு வார இறுதியிலும் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். அரம் பிடிக்கத் தாத்தா கற்றுக்கொடுத்தார். அரத்தை முன்னோக்கித் தள்ளும்போதுதான் அது அராவும். பின்னே இழுக்கும்போது தூக்கிவிட வேண்டும். இல்லையென்றால் அதன் பற்கள் மழுங்கிவிடும். ஈயப் பற்று வைக்கும்போது, சூட்டுக்கோலில் ஈயத்தை உருக்கிக் கம்பியின் மேல் சொட்டுவது என் வழக்கம். "முதல்ல கம்பியைச் சூடாக்கு. ஈயம் தானா அதுல போய் ஒட்டிக்கும்," என்றார். அதன் பிறகு நான் வைத்த இணைப்பு ஒன்றுகூட விட்டுப் போகவில்லை.

அடுத்தது வேகம். எங்கள் நடைபாதையில் 30 சென்டிமீட்டர் சதுரக் கற்கள் பதித்திருந்தார்கள். என் டாங்கி ஒரு நொடியில் நான்கு கற்களைக் கடந்தது. தாத்தா என்னைக் கணக்குப் போடச் சொன்னார். ஒரு நொடிக்கு 120 சென்டிமீட்டர். அதை 35ஆல் பெருக்கினால் 42 மீட்டர். அதாவது, மணிக்கு 150 கிலோமீட்டருக்கும் மேல்! உண்மையான வண்டியின் உச்ச வேகமோ மணிக்கு 38 கிலோமீட்டர்தான்.

"ஒரு நொடிக்கு ஒரு கல். அதுதான் சரியான கணக்கு," என்றார் தாத்தா.

மின்கலத்தைக் குறைத்தால் போதாதா என்று கேட்டேன். குறைத்தும் பார்த்தோம். வேகம் குறைந்தது, வலிமையும் குறைந்தது. கால்மிதியின் ஓரத்தைக்கூட ஏற முடியாமல் வண்டி நின்றுவிட்டது. பற்சக்கரங்களைக் கூட்டுவதுதான் வழி என்றார் தாத்தா. பத்துப் பல் சக்கரம் நான்கு முறை சுற்றினால்தான் நாற்பது பல் சக்கரம் ஒரு முறை சுற்றும். வேகம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். தள்ளும் விசையோ ஏறக்குறைய நான்கு மடங்காகும். இரயில்வேயில் சுமை தூக்கும் கருவிகள் எல்லாம் இதே முறையில் இயங்குபவை என்று அவர் விளக்கினார்.

சக்கரங்களுக்கு எங்கே போவது? பழுதான அச்சுப்பொறி ஒன்று வீட்டில் கிடந்தது. அதைப் பிரித்தபோது விதவிதமான பிளாஸ்டிக் பற்சக்கரங்கள் கிடைத்தன. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. "பல்லோட அளவு ஒண்ணா இருக்கணும். இல்லைன்னா ஒண்ணை ஒண்ணு கடிச்சுத் துப்பிடும்," என்று சொல்லி, பொறுமையாக இணை சேர்த்தார் தாத்தா. பித்தளைக் கம்பியை வெட்டி அச்சு செய்தோம். பாசார் சாலையில் இருக்கும் மின்னணுக் கடைக்கு இருவரும் பேருந்தில் போய்ப் புதிய விசையும் மெல்லிய கம்பியும் வாங்கினோம். பக்கத்து வீட்டுச் சிறுவனின் கார் மறுபடியும் எங்கள் டாங்கியை இயக்கிவிடாதபடி, 40 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் பழைய பொம்மை ஒன்றின் மின்சுற்றுப் பலகையைப் பொருத்தினோம். வண்டி எடை குறைவாக இருந்ததால் வழவழப்பான தரையில் வழுக்கியது. அடிப்பெட்டியில் தூண்டில் ஈயக் குண்டுகளை வைத்ததும் தரையைப் பிடித்து நடந்தது.

கண்காட்சிக்கு முந்திய இரவு, நடைபாதையில் கடைசிச் சோதனை. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். ஒரு நொடிக்கு ஒரு கல். சரியாக இருந்தது.

தாத்தா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "அன்னைக்கு இவ்வளவு வேகமும் இல்லை. இருட்டு. நின்னு நின்னு வந்தது," என்றார். பிறகு, நான் கேட்காமலே சொல்லத் தொடங்கினார். முதலில் லயத்து வீட்டின் அலமாரியில் தகரத் தட்டுகள் ஒன்றோடொன்று உரசி ஒலித்தனவாம். காற்று என்று நினைத்தார்களாம். பிறகுதான் தரை அதிர்வது தெரிந்ததாம். அவருடைய அம்மா அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டாராம். விடிந்த பிறகு ரப்பர் மரங்களுக்கு இடையே ஒளிந்து பார்த்தபோது, சாலையோரம் ஒரு டாங்கி நின்றிருந்தது. அதன் மேல் இலை தழைகளைக் கட்டியிருந்தார்கள். கூண்டுக்கு மேலே ஒரு சிப்பாய் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தானாம்.

"சின்னப் பையன். தோட்டத்துல பால்மரம் சீவுற பையன்கள் வயசுதான் இருக்கும். அவனைப் பார்த்தும் பயமா இருந்துச்சு. அவன் முகத்துலயும் தூக்கம் இல்லை," என்றார் தாத்தா.

நான் கட்டுப்பாட்டுக் கருவியை அவரிடம் நீட்டினேன். அவர் அதைச் சற்று நேரம் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு கட்டை விரலால் நெம்புகோலை விட்டு விட்டு அழுத்தினார். நடைபாதையின் மறுமுனையிலிருந்து டாங்கி நின்று நின்று வந்தது. ஒரு கல், நிறுத்தம், மீண்டும் ஒரு கல். பற்சக்கரங்கள் கடகடவென்று ஒலித்தன. அது அவர் கால் பெருவிரலுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்தது. அவர் விரலை எடுத்தார். டாங்கி நின்றது.

தாத்தா குனிந்து அதைப் பார்த்தார். "இவ்வளவுதானா?" என்றார். நெம்புகோலைப் பின்னால் இழுத்தார். டாங்கி வந்த வழியே பின்னோக்கிப் போனது.

மறுநாள் கண்காட்சியில் என் டாங்கிக்குப் பரிசு கிடைக்கவில்லை. தானே தண்ணீர் ஊற்றும் பூந்தொட்டி ஒன்று முதல் பரிசு பெற்றது. ஆனாலும், என் மேசையைச் சுற்றி நாள் முழுதும் மாணவர்கள் நின்றார்கள். "இன்னும் வேகமாக ஓடாதா?" என்று பலர் கேட்டார்கள். ஓடாது என்றேன். ஏன் என்று கேட்டவர்களுக்குக் கணக்கைக் காட்டினேன். மேசையில் வைக்கும் விளக்க அட்டையில் பெயர், அளவு, பற்சக்கர விகிதம் ஆகியவற்றை எழுதியிருந்தேன். முந்திய இரவு அதைப் படித்துப் பார்த்த தாத்தா பேனாவைக் கேட்டு வாங்கி, கீழே ஒரு வரியைச் சேர்த்திருந்தார்: "டுரோலாக், 7.1.1942. நான் பார்த்தது."

தாத்தா இப்போது இல்லை. டாங்கி என் மேசை மேல் இருக்கிறது. மின்கலங்களைக் கழற்றி வைத்திருக்கிறேன். இல்லையென்றால் அவை கசிந்து உள்ளே அரித்துவிடும். யாராவது ஆசையாகக் கேட்டால் அவற்றைப் போட்டு ஓட்டிக் காட்டுவேன். அன்று போலவே, ஒரு நொடிக்கு ஒரு கல்தான் போகும். அதற்கு மேல் வேகம் வேண்டும் என்று கேட்பவர்களிடம் அந்த விளக்க அட்டையை எடுத்துக் கொடுப்பேன்.